தஞ்சை நாடு நம்பிய சுவார்ட்ஸ் ஐயர்

கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் (1726–1798) தரங்கம்பாடி, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் ஏறத்தாழ 48 ஆண்டுகள் பணியாற்றிய செருமானிய லூத்தரன் குருவானவர். தஞ்சை மராத்திய மன்னர் துளஜாவின் நம்பிக்கைக்கு உரியவர். இரண்டாம் சரபோஜிக்கு வளர்ப்புத் தந்தை போல் இருந்தவர். சீர்திருத்தக் கிறித்தவர்கள் தங்கள் குருவை 'ஐயர்' என்று அழைப்பது அக்கால வழக்கம். அதனால் தஞ்சை வட்டாரத்தில் இன்றும் இவர் பெயர் 'சுவார்ட்ஸ் ஐயர்' என்றே வழங்குகிறது.

இவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவர் எழுப்பிய கோயில்களையும் தொடங்கிய பள்ளிகளையும் வரிசையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அவை தேவையான செய்திகளே. ஆனால் அதைவிட ஆராயத்தக்க கேள்வி ஒன்று உண்டு. சமயம் பரப்ப வந்த ஒரு வெளிநாட்டவரை, போரும் பஞ்சமும் நாட்டை வாட்டிய காலத்தில், அவருடைய சமயத்தைச் சேராத மன்னரும் குடியானவரும் எதிரி நாட்டு நவாபும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எதிலிருந்து வந்தது? எந்த இடத்தில் அது குறைபட்டது?

ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு

சுவார்ட்ஸ் 1726 அக்டோபரில் பிரசியாவின் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இப்போது போலந்து நாட்டில் உள்ளது. சிறுவயதிலேயே தாயை இழந்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தபோது, சென்னையிலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சே தமிழ் வேதாகம அச்சுப் பணிக்காக அங்கே இருந்தார். அவரிடம்தான் சுவார்ட்ஸ் முதலில் தமிழ் எழுத்து கற்றார்.

ஹாலே அக்காலத்தில் 'பயட்டிசம்' என்ற சமய இயக்கத்தின் தலைமையிடம். கோட்பாட்டை ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, அது நடத்தையில் தெரிய வேண்டும் என்பது அவ்வியக்கத்தாரின் கொள்கை. ஒரு நல்ல செயலைச் செய்யும்போதுகூட 'இதை நான் எதற்காகச் செய்கிறேன்?' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை அங்கே மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். சுவார்ட்ஸின் கடிதங்களைப் படிப்பவர்கள் இந்தப் பழக்கத்தை அவரிடம் எளிதில் கண்டுகொள்ளலாம்.

1750 சூலையில் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த நான்கே மாதங்களில், சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார். பிற்காலத்தில் போர்த்துகீசியம், பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி ஆகிய மொழிகளையும் கற்றார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நவாபுகளோடும் மன்னர்களோடும் அவர் பேச முடிந்தது இதனால்தான். நடுவில் மொழிபெயர்ப்பாளர் இருந்தால் நடுவில் கையூட்டும் இருக்கும் என்பது அக்கால நிலை. ஆகவே இது சிறிய செய்தி அன்று.

மாதம் 10 வராகன்

1760களில் சுவார்ட்ஸ் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றார். அங்கே அவர் வாழ்ந்த விதத்தை வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். சுவார்ட்ஸின் வருமானம் மாதம் 10 வராகன். ஆண்டுக்கு 48 பவுண்டு. பழைய கட்டடம் ஒன்றில் ஓர் அறை. படுக்கையும் அவரும் மட்டும் அடங்கும் அளவு. பலருக்கு அதில் தலை நிமிர்ந்து நிற்கவும் முடியாது. உணவு சோறும் காய்கறியும், நம் ஊர்ச் சமையல். கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணிதான் உடை. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. கோட்டைப் படைக்குக் குருவாகப் பணியாற்றியதற்கு ஆங்கிலேய அரசு ஆண்டுக்கு 100 பவுண்டு தரத் தொடங்கியபோது, அதைச் சபைக் கட்டடங்களுக்கும் பள்ளிக்கும் செலவழித்தார்.

இதை அக்காலப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். கருநாடகப் போர்களும் ஆற்காட்டு நவாபின் கடன் விவகாரமும் நடந்துகொண்டிருந்த காலம் அது. கம்பெனி ஊழியர்கள் சில ஆண்டுகளில் பெரும்பொருள் சேர்த்துக்கொண்டு கப்பலேறினார்கள். 'வெள்ளைக்காரர் என்றால் வாங்குபவர்' என்ற எண்ணம் மக்களிடம் ஊறியிருந்தது. அந்த நிலையில், கொடுத்தாலும் வாங்காத ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார் என்ற செய்தி, பிரசங்கத்தைவிட விரைவாகப் பரவியிருக்கும் என்றே தோன்றுகிறது.

சீரங்கப்பட்டணத் தூது

1779ஆம் ஆண்டு சென்னை ஆளுநர் சர் தாமஸ் ரம்போல்டு, மைசூரின் ஐதர் அலியிடம் தூது செல்லுமாறு சுவார்ட்ஸைக் கேட்டார். கம்பெனி ஆட்கள் வேண்டாம், ஏமாற்றாதவரான அந்தக் கிறித்தவரை அனுப்புங்கள் என்று ஐதரே கேட்டதாகச் சொல்வார்கள்.

சுவார்ட்ஸ் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பின்னர் தாம் இணங்கியதற்குரிய காரணங்களை அவர் எழுதிவைத்தார். இரத்தம் சிந்துவதைத் தடுக்க உதவலாம். கம்பெனி தமக்குச் செய்த நன்மைக்கு நன்றி காட்டலாம். புதிய இடத்தில் சமயச் செய்தியைச் சொல்லலாம். கூடவே ஒரு தீர்மானமும் செய்துகொண்டார்: வழிச்செலவு தவிர எவரிடமும் எந்த அன்பளிப்பும் பெறுவதில்லை. தூதுவர் பரிசு பெறுவது அக்கால முறை. பெறாவிட்டால் அவமதிப்பாகக்கூட நினைக்கலாம்.

ஐதர் அவரைத் தம் அருகில் அமரவைத்துப் பேசினார். புறப்படும்போது பயணச் செலவுக்கு என்று 300 ரூபாய் அனுப்பினார். மறுத்தால் ஐதர் வருத்தப்படுவார் என்று உடனிருந்தவர்கள் சொன்னதால் சுவார்ட்ஸ் பெற்றுக்கொண்டார். சென்னை வந்ததும் அப்பணத்தை அரசிடம் ஒப்படைத்தார். அரசு அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தது. அவர் அதைத் தஞ்சாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கு முதலாக வைத்தார். தூதுக்காக அரசு தர முன்வந்த வெகுமதியையும் தமக்கு வேண்டாம் என்றார். தஞ்சாவூரில் கட்டிக்கொண்டிருந்த கோயிலுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் கிடைத்தால் போதும் என்று கேட்டார்.

தூது பயன் தரவில்லை. ஒருபக்கம் சமாதானம் பேச ஆள் அனுப்பிக்கொண்டே மறுபக்கம் கம்பெனி ஐதரைச் சீண்டும் செயல்களில் இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டே, 1780இல், ஐதரின் படை கருநாடகச் சமவெளியில் இறங்கியது. நேர்மையான மனிதரை முன்னால் நிறுத்தி நேர்மையற்ற பேச்சு நடத்தினார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். ஆனாலும் ஐதர் சுவார்ட்ஸைக் குற்றம் சாட்டவில்லை. அந்தப் பாதிரியாரைத் தடுக்காமல் போகவிடுங்கள் என்று தம் படையினருக்குக் கட்டளையிட்டிருந்தார்.

80,000 கலம்

போரினால் காவிரிச் சமவெளி பாழானது. கிராமத்தார் ஊரைவிட்டு ஓடித் தஞ்சைக் கோட்டைக்குள் புகுந்தார்கள். பசியால் தெருவில் மக்கள் விழுந்து இறந்தார்கள். நெற்களஞ்சியமான நாட்டில் பஞ்சமா என்று மாணவர்கள் கேட்கலாம். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதைக் கோட்டைக்குக் கொண்டுவர வண்டிமாடு வேண்டும், பொதிமாடு வேண்டும். மாட்டுக்காரர்கள் வர மறுத்தார்கள். முன்பு வந்தவர்களுக்குக் கூலி கொடுக்காமல் அதிகாரிகள் ஏமாற்றியிருந்ததே காரணம். மன்னர் சொன்னாலும் நம்பவில்லை. கம்பெனி அதிகாரிகள் சொன்னாலும் நம்பவில்லை.

கடைசியில் மன்னர் தரப்பிலிருந்து சுவார்ட்ஸிடம் வந்தார்கள். எங்கள் சொல்லுக்கு மதிப்புப் போய்விட்டது, உங்கள் சொல்லை நம்புகிறார்களா பார்ப்போம் என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். கூலியைத் தம் கையாலேயே தருவதாக உறுதிகூறிச் சுவார்ட்ஸ் ஆள் அனுப்பினார். இரண்டொரு நாளில் 1,000க்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. குறுகிய காலத்தில் 80,000 கலத்துக்கு மேல் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. கலம் என்பது 12 மரக்கால். முகத்தலளவை இப்போது பாடத்தில் இல்லாததால் சொல்கிறேன். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் சொன்னபடி கூலியைக் கொடுத்துச் சிறு அன்பளிப்பும் தந்து அனுப்பினார் சுவார்ட்ஸ். ஆங்கிலேயப் படை இரண்டாம் முறை இக்கட்டில் சிக்கியபோதும் இதே வழியில் தானியம் வந்தது.

சில ஆண்டுகள் கழித்து இன்னொரு நிகழ்ச்சி. துளஜா மன்னரின் இறுதிக் காலத்தில் அமைச்சர்களின் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டைவிட்டு வெளியேறினார்கள். மேட்டூர் அணை இல்லாத காலம். காவிரியில் தண்ணீர் வரும்போது நிலத்தில் ஆள் இல்லாவிட்டால் அந்த ஆண்டு போயிற்று. நியாயம் கிடைக்கும் என்று சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்தபின், ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தார்கள். சூனில் தொடங்க வேண்டிய வேளாண் வேலை செப்டம்பரில்தான் தொடங்கியது. இருந்தும் முந்தைய ஆண்டைவிட நல்ல விளைச்சல் கண்டது. திரும்பி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறித்தவர்கள் அல்லர்.

வல்லத்தில் படித்த செய்தித்தாள்

இந்தச் செய்திகளெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்பது தனிக் கதை. இவற்றில் பலவற்றைச் சுவார்ட்ஸ் 1794 பிப்ரவரி 13ஆம் நாள் எழுதிய ஒரே கடிதத்திலிருந்து அறிகிறோம். அந்தக் கடிதத்தையும் அவர் தாமாக எழுதவில்லை, எழுத நேர்ந்தது.

1793இல் இலண்டன் பாராளுமன்றத்தில், இந்தியாவுக்குச் சமயப் பணியாளர்களையும் ஆசிரியர்களையும் அனுப்பலாமா என்ற விவாதம் எழுந்தது. மாண்ட்கோமரி கேம்பல் என்பவர் எதிர்த்துப் பேசினார். சென்னை ஆளுநராக இருந்த சர் ஆர்ச்சிபால்டு கேம்பலின் செயலாளராக முன்பு இருந்தவர் அவர். கிறித்தவரானவர்கள் எல்லாரும் ஒழுக்கம் கெட்டவர்கள் என்றார். சுவார்ட்ஸ் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே அவருடைய கழுத்துப்பட்டையின் தங்கக் கொக்கியை அவருடைய சபையார் திருடிக்கொண்டார்கள் என்றும் கதை சொன்னார். அப்பேச்சு வந்த செய்தித்தாள், வல்லத்தில் தங்கியிருந்த ஆங்கிலேயப் படைப்பிரிவுக்கு வந்தது. ஆராதனை நடத்தச் சென்ற சுவார்ட்ஸ் அங்கேதான் அதைப் படித்தார்.

அவர் எழுதிய மறுமொழி சுவையானது. கொக்கி திருடு போனது உண்மைதான் என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். பிறகு, திருடியவர்கள் வழியில் ஒரு கிராமத்தில் கூடியிருந்த சிறுவர்கள், கிறித்தவர்கள் அல்லர் என்கிறார். இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழி தம்மீது மட்டும் விழவில்லை, சபையார்மீதும் விழுந்தது. ஆகவே சபையார் செய்த நன்மைகளைச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காகத் தாம் செய்ததையும் சொல்ல வேண்டியிருந்தது. மாடுகளும் தானியமும் 7,000 பேரும் இப்படித்தான் வரலாற்றுக்குள் வந்தார்கள். சபையில் கெட்டவர்கள் இல்லை என்று அவர் வாதாடவில்லை. தாம் முதுமையின் எல்லையில் நிற்பதாகவும், இந்தப் பணியில் கழித்த 43 ஆண்டுகளுக்காக வருந்தவில்லை என்றும் எழுதினார்.

அடக்கமுள்ளவர் தம் செயலைச் சொல்ல மாட்டார், சொல்லாவிட்டால் வரலாறு எழுத முடியாது. வரலாற்று மாணவர்களுக்கு இது எப்போதும் உள்ள சிக்கல். எதிரி ஒருவர் பொய் சொன்னதால் நமக்கு ஒரு நல்ல சான்று கிடைத்தது. அக்கடிதம் சுவார்ட்ஸ் தம் தரப்பை நியாயப்படுத்த எழுதியது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஞானஸ்நானத்தில் அவசரம் இல்லை

சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற பழி இந்தியக் கிறித்தவர்மீது நெடுங்காலமாக உண்டு. பஞ்ச காலத்தில் உணவு கொடுத்த சபைக்கு ஆட்கள் வந்தார்கள் என்பதும் உண்மை. சுவார்ட்ஸ் இதில் எப்படி நடந்துகொண்டார் என்பதற்கு, பசியோடு சற்றும் தொடர்பில்லாத ஒருவரின் நிகழ்ச்சி உதவும்.

தஞ்சையைச் சேர்ந்த மராத்தியப் பிராமணக் கைம்பெண் ஒருவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் ஆதரவில் வாழ்ந்தார். அவர் மூலம் கிறித்தவ நெறியை அறிந்து ஞானஸ்நானம் கேட்டார். உயர்குலத்துப் பெண், செல்வாக்குள்ள துணைவர். எண்ணிக்கையும் பெயரும் வேண்டுபவர் மறுக்க மாட்டார். மணவாழ்க்கை முறைப்படி அமையாததைச் சொல்லிச் சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்தபின், 1778இல் பாளையங்கோட்டையில் அப்பெண் மீண்டும் கேட்டார், அப்போது கொடுத்தார். குளோரிந்தா என்ற பெயர் பெற்ற அந்த அம்மையார் கட்டிய கோயில்தான் பாளையங்கோட்டையில் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என வழங்குவது. அங்கே 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் உள்ளன. திருநெல்வேலிச் சபையின் தொடக்கம் அது.

பள்ளிகளிலும் இதே கவனம் இருந்தது. 1785 முதல் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் மன்னர்களின் ஆதரவோடும் கம்பெனியின் உதவியோடும் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. பெரும்பாலும் பிராமணப் பிள்ளைகளும் வணிகர் பிள்ளைகளும் படித்தார்கள். மாணவர்களைச் சமயத்துக்கு இழுக்க எந்த வஞ்சக வழியையும் கையாளக் கூடாது என்று சுவார்ட்ஸ் எழுத்திலேயே குறித்தார். அவர்கள் தாமாக அறிந்து வர வேண்டும் என்ற விருப்பத்தையும் மறைக்கவில்லை. ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில், உள்நோக்கத்தைச் சொல்லிவிட்டு நடத்தும் பள்ளிமீது எனக்கு மதிப்பு உண்டு. சொல்லாமல் நடத்துவதுதான் பெற்றோருக்கு இழைக்கும் தீங்கு.

அரண்மனை விவகாரம்

அதிகாரம் என்று வரும்போது கணக்கு இவ்வளவு எளிதாக இல்லை. 1787இல் துளஜா இறக்கும் தறுவாயில், தாம் தத்தெடுத்த சரபோஜியை (அப்போது வயது 9) சுவார்ட்ஸின் பாதுகாப்பில் விட விரும்பினார். அது கிட்டத்தட்ட நாட்டையே கையில் கொடுப்பது. சுவார்ட்ஸ் மறுத்தார். மன்னரின் மாற்றாந்தாய் வழித் தம்பி அமர்சிங்கிடம் ஒப்படைக்கலாம் என்று யோசனை சொன்னார்.

பணிவினால் சொன்ன அந்த யோசனை சிறுவனுக்குத் துன்பமாக முடிந்தது. அமர்சிங் தாமே அரியணை கேட்டார். தத்தெடுப்புச் செல்லாது என்று பண்டிதர்கள் தந்த கருத்தை ஏற்றுக் கம்பெனியும் ஒப்புக்கொண்டது. சரபோஜியை அரண்மனையில் அடைத்துவைத்துப் படிப்பும் இல்லாமல் செய்தார்கள். சுவார்ட்ஸ் தொடர்ந்து முறையிட்டு, 1793இல் சிறுவனும் துளஜாவின் மனைவியரும் சென்னைக்குச் செல்ல வழிசெய்தார். அங்கே அவர்களுடைய உரிமை மறு ஆய்வுக்கு வந்தது. 1798இல் சரபோஜி மன்னரானார். அதைப் பார்க்கச் சுவார்ட்ஸ் உயிருடன் இல்லை. அடுத்த ஆண்டு, 1799 அக்டோபரில், நாட்டு நிர்வாகம் முழுவதையும் கம்பெனியிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் சரபோஜி கையெழுத்திட்டார். கோட்டையும் ஆண்டுக்கு ஒரு இலட்சம் வராகனும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மன்னருக்கு மிஞ்சின.

இதற்குச் சுவார்ட்ஸைப் பொறுப்பாக்குவது சரியாகாது. ஆனால் அவர் கம்பெனி அமைத்த நிர்வாகக் குழுவில் இருந்தார், கம்பெனியின் கடிதங்களை மொழிபெயர்த்தார், மன்னருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்றார். மக்கள் அவர்மீது வைத்த நம்பிக்கை கம்பெனிக்கும் பயன்பட்டது. 1826இல் தஞ்சைக்கு வந்த கல்கத்தா ஆயர் ஹீபர், சுவார்ட்ஸிடம் அரசியல் சூழ்ச்சி சற்று மிகுதி என்று தாம் முன்பு ஐயுற்றதாகவும், நேரில் விசாரித்தபின் அது தவறென்று தெரிந்ததாகவும் எழுதினார். ஐயம் அப்போதே இருந்தது என்பது இதனால் தெரிகிறது.

கோயிலுக்குள் இரண்டு பக்கம்

சுவார்ட்ஸின் சபையில் வேளாளரும் பறையரும் கோயிலுக்குள் தனித்தனிப் பக்கங்களில் அமர்ந்தார்கள். இது அவர் தொடங்கிய வழக்கம் அன்று. தரங்கம்பாடிக் காலத்திலிருந்தே வந்தது. அவர் அதை வலிந்து மாற்றவில்லை. கற்பித்தலாலும் பொறுமையாலும் மெல்ல மறையும் என்று எண்ணினார். மறையவில்லை.

1833இல் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கட்டளையிட்டார். தஞ்சையில் பெரும் பிளவு ஏற்பட்டது. வேளாளக் கிறித்தவர் பலர் விலகிச் சென்றார்கள். சுவார்ட்ஸ் பாளையங்கோட்டையிலிருந்து சிறுவனாக அழைத்துவந்து வளர்த்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய பெரும்புலவர், பழைய வழக்கத்தை ஆதரித்து எழுதினார். சுவார்ட்ஸ் ஐயர் அனுமதித்ததை நீங்கள் எப்படி மாற்றலாம் என்பது அத்தரப்பாரின் வலுவான வாதமாக இருந்தது.

சுவார்ட்ஸ் அறச்சாலையில் ஏழைகளோடு பழகியவர். தமக்கென்று உயர்விடம் தேடாதவர். ஆனால் தம்மைத் தாழ்த்திக்கொள்வது ஒன்று, தாழ்த்தப்பட்டவரின் பக்கம் நிற்பது வேறொன்று. காவிரிப் பாசன வயலில் பண்ணையாளாக உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தவருக்கு, அங்கும் தனிப்பக்கம்தான். அவருடைய பொறுமையின் விலையை அவர் கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அமர்ந்தவர்கள் கொடுத்தார்கள்.

மறைவும் நினைவும்

1798 பிப்ரவரி 13ஆம் நாள், வல்லத்துச் செய்தித்தாளுக்கு மறுமொழி எழுதிச் சரியாக நான்கு ஆண்டுகள் ஆன நாளில், சுவார்ட்ஸ் தஞ்சாவூரில் காலமானார். வயது 71. சேமித்ததைச் சபைப் பணிக்கே எழுதிவைத்திருந்தார். அடக்கத்தின்போது கூடிய ஏழைகளின் அழுகையால், வழியில் பாட நினைத்த பாடலைப் பாட முடியவில்லை என்று உடனிருந்த கெரிக்கே ஐயர் குறித்துள்ளார். சரபோஜி நேரில் வந்து, உடலைத் துணியால் போர்த்தி அழுதார்.

சரபோஜி கடைசிவரை சைவராகவே இருந்தார். சரசுவதி மகாலில் நூல்களைச் சேர்த்தவரும், ஏழைக் கிறித்தவப் பிள்ளைகள் 50 பேருக்காகக் கண்ணந்தங்குடியில் அறநிலையம் வைத்தவரும் அவரே. கல்லறைக்கு ஆங்கிலத்தில் ஒரு பாடலையும் தாமே எழுதினார். இலண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மேனைக் கொண்டு சலவைக்கல் சிற்பம் ஒன்றும் செய்வித்தார்.

சுவார்ட்ஸின் கல்லறை, கோட்டைக்கு வெளியே உள்ள தூய பேதுரு ஆலயத்தில் இருக்கிறது. சிற்பம் இருப்பது பெரிய கோயிலை அடுத்த சிவகங்கைக் கோட்டைக்குள், 1779இல் கட்டிய சுவார்ட்ஸ் ஆலயத்தில். பெரிய கோயிலுக்குச் சுற்றுலா வரும் பள்ளிப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. சில நிமிட நடைதான். படுக்கையில் கிடக்கும் கிழவரின் கையை இளம் மன்னர் பற்றியிருப்பதையும், அருகே பள்ளிப் பிள்ளைகள் நிற்பதையும் அச்சிற்பத்தில் காணலாம்.